காலருக்குள் ஒரு முடிச்சு

பாண்டிச்செல்வி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே என் சமையலறையை எட்டு வைத்து நடந்து அளந்துவிட்டாள். நிலைப்படியிலிருந்து அடுப்புமேடைக்கு ஒன்பது எட்டு. மேடையிலிருந்து ஃபிரிட்ஜுக்கு நான்கு. பன்னிரண்டு வருடமாக அதே சமையலறையில் நிற்கிற எனக்கு இது தெரியாது. வெள்ளைக் கோலை நாலாக மடக்கிக் கைப்பைக்குள் செருகிக்கொண்டு, "அக்கா, கத்திய எப்பவும் எங்கன வைப்பீக?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"அண்ணாச்சி தக்காளி நறுக்கணும்ல."

அண்ணாச்சி என்று அவள் சொன்னது என் கணவர் காளிராஜை. அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போலக் கூச்சத்தோடு சிரித்தார். அவர் சிரித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பு என்னால் வரவில்லை என்பதை அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

சிவகாசியில் ஒருவருக்குக் கண் போனது என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, "வெடி விபத்தா?" என்றுதான். இல்லை. எங்களுக்கும் பட்டாசுக்கும் உள்ள உறவு லேபிள் அடித்துக் கொடுப்பதோடு சரி. விஸ்வநத்தம் ரோட்டில் அவரும் அவருடைய அண்ணன் ராஜபாண்டியனும் சேர்ந்து நடத்துகிற ஆஃப்செட் பிரஸ். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, போன வருடம் ஆனியோடு அவருக்கு வெளிச்சமும் இருட்டும் ஒன்றாகிவிட்டது. "நீ வீட்டுல இரு தம்பி, நான் பாத்துக்கிடுதேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இவர் பிரஸ் வாசலை மிதிக்கவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வருடம் எனக்கு முழுக்கத் துக்கமாக இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பிரஸ்ஸுக்குத்தான் புருஷன். காலண்டர் சீசன் வந்துவிட்டால் சாப்பாடு கேரியரில் போகும், கேரியர் மட்டும் திரும்பி வரும். இப்போது பற்பசை எடுத்துக் கொடுப்பதிலிருந்து செருப்பு மாட்டிவிடுவது வரை எல்லாவற்றுக்கும் "ஸ்ரீமதி, ஸ்ரீமதி" என்றார். சோற்றைப் பிசைந்து உருட்டி அவர் உள்ளங்கையில் வைப்பேன். சட்டைப் பொத்தான் நான் போடுவேன். மணிக்கட்டைப் பிடித்து அறை அறையாகக் கூட்டிப்போவேன். மகள் பிரீத்திகா பள்ளிக்கூடம் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவருக்கு நான் மட்டும்தான். அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்படியிருக்க, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், விருதுநகரில் கண் தெரியாதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அறக்கட்டளை ஒன்றை அவரே போனில் கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் அனுப்பிய ஆள்தான் பாண்டிச்செல்வி. ஏழாயிரம்பண்ணைக்காரி. அப்பா, அம்மா இருவரும் வேன் ஏறிப் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. இருபத்தெட்டு வயது. செவ்வாயும் வெள்ளியும் தனியாகப் பஸ் ஏறி, எங்கள் தெருமுனையில் இறங்கி, கோலைத் தட்டிக்கொண்டு வருவாள்.

கண் தெரியாத பெண்தானே என்று முதலில் நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, கண் தெரிந்தவளாக இருந்தால் எவ்வளவோ தேவலை. ஒரு நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றிருப்பேன். இவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிய இடத்தில் என் சேலைக்கு வேலையே இல்லை.

டீ ஊற்றுகிற பாடம் நடந்தது. "டம்ளர் பேசும் அண்ணாச்சி, காது குடுங்க. அடியில விழும்போது ஒரு சத்தம், நெறைய நெறைய வேற சத்தம். ஆள்காட்டி விரல உள் விளிம்புல வச்சுக்கோங்க. மொதல்ல பச்சத் தண்ணி." பச்சைத் தண்ணீரில் பத்து முறை. பிறகு சூடான டீ. விரலில் பட்டு அவர் "ஸ்ஸ்" என்றதும் நான் பாய்ந்தேன்.

"அக்கா, அங்கனயே நில்லுங்க" என்றாள், முகத்தைக்கூடத் திருப்பாமல்.

"நான் வாரது உனக்கு எப்படித் தெரியும்?"

"கொலுசு."

அடுத்த வெள்ளிக்கிழமை கொலுசைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவோரம் மூச்சுக் காட்டாமல் நின்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "அக்காவுக்கு இன்னைக்கு நல்ல மல்லியப்பூ கெடச்சிருக்கு போல" என்றாள். அவர் உடனே, "பூ வாசம் இப்பத்தான். வெங்காய வாசம் எப்பவோ வந்துருச்சு" என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே போய்க் கொலுசை மாட்டும்போது திருகாணி கையிலிருந்து நழுவி நழுவி விழுந்தது.

தட்டைக் கடிகாரம் மாதிரி நினைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள். பன்னிரண்டு மணியில் பொரியல், மூன்று மணியில் கூட்டு, ஆறு மணியில் சோறு. ஒரு வாரத்தில் அவர் தானாகச் சாப்பிட ஆரம்பித்தார். என் கைக்கு வேலை போயிற்று. ஒருநாள் வேண்டுமென்றே கூட்டை ஒன்பது மணியில் வைத்தேன். அவர் மூன்று மணியில் துழாவி, நின்று, மெதுவாகச் சுற்றி வந்து கண்டுபிடித்துச் சாப்பிட்டார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மற்றொரு நாள், மனிதர்களோடு பேசுகிற பாடம். "கண்ணு போனப்புறம் எல்லாருக்கும் தல தொங்கிரும் அண்ணாச்சி. எனக்கு எங்க டீச்சர் அடிச்சு அடிச்சு நிமித்துனாக. பேசுறவுக சத்தம் எங்கன இருந்து வருதோ, அங்கன மூக்கத் திருப்புங்க. அவுக கைய நீட்டுற வரைக்கும் காத்திருக்காதீக, நீங்களே மொதல்ல நீட்டிருங்க." பிறகு, "தொடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு விரலால் அவர் நாடியைத் தொட்டு முகத்தை நிமிர்த்திவிட்டாள்.

பழைய காளிராஜ் அங்கே உட்கார்ந்திருந்தார். ஒரு வருடமாக அவர் முகத்தை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்தத் தலை தொங்கிக் கிடந்தது எனக்குத் தெரியவே இல்லை. அந்த இரண்டு விரலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என்னையும் அவள் விடவில்லை. "அக்கா, அண்ணாச்சி கைய நீங்க பிடிச்சு இழுக்காதீக. நீங்க முன்னாடி அரை எட்டு போங்க, அவுக உங்க முழங்கைக்கு மேல பிடிச்சுக்கிடட்டும். நீங்க திரும்புனா அவுகளுக்குத் தானா தெரியும். இப்ப நீங்க கூட்டிட்டுப் போறது சந்தைக்கு ஆடு ஓட்டுற மாதிரில்ல இருக்கு."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "எம் புருசன எப்படிக் கூட்டிட்டுப் போகணும்னு எனக்குத் தெரியும் டீச்சரம்மா" என்றேன்.

ஆடி பிறந்தது. ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசி பிரஸ்களில் பூஜை போட்டு, அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை ஏஜெண்டுகள் முன்னால் விரிப்பார்கள். எங்கள் பிரஸ்ஸில் ஆல்பத்தை விரிப்பது எப்போதும் இவர்தான். போன வருடம் போகவில்லை. "இந்த வருசம் போறேன்" என்றார். "கேட்டுல இருந்து மேடை வரைக்கும் நானே நடந்து போவேன். செல்வி அன்னைக்குக் கேட்டுகிட்ட வந்து நிக்கறேன்னுருக்கா."

செல்வி! பாண்டிச்செல்வி எப்போது செல்வி ஆனாள்?

அதற்காகத்தான் சட்டைப் பாடம். இவரிடம் இருப்பதெல்லாம் வெள்ளைச் சட்டை. பாதி நல்லவை, பாதி மெஷினுக்குள் தலையை விட்டு மைக் கறை வாங்கியவை. "அக்கா, நல்லத மட்டும் பிரிச்சுக் குடுங்க" என்றாள். ஐந்து சட்டையைக் கொடுத்தேன். எங்கள் கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் காலரின் உள்பக்கம் நூலால் ஒரு குட்டி முடிச்சுப் போட்டாள். கைக்குத் தட்டுப்பட்டால் வெளியே போடுகிற சட்டை. தட்டுப்படாவிட்டால் கறைச் சட்டை. முடிச்சுப் போட்டு முடித்ததும் ஒவ்வொரு தடவையும் குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். என் புருஷன் கழுத்துப் படுகிற இடத்தில்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். வேலை முடிந்ததும் இவர் அலமாரியிலிருந்து பழைய பேப்பர் சாம்பிள் கட்டு ஒன்றை எடுத்துவரச் சொன்னார். பாடம் இப்போது திரும்பியது. "கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சுத் தேச்சுப் பாரு. இது மேப்லித்தோ, நோட்டுப் போடுற பேப்பர். இது ஆர்ட் பேப்பர், கனம் நூத்து முப்பது ஜிஎஸ்எம். இது அதே பேப்பர்தான், நூத்து எழுவது. வித்தியாசம் தெரியுதா?" அவள் தேய்த்துப் பார்த்து, "தெரியுது அண்ணாச்சி! இது கொஞ்சம் திமிரா நிக்குது" என்றாள். "அதேதான்! திமிரா நிக்குது! பதினஞ்சு வருசம் இதுக்கு எனக்கு வார்த்த கிடைக்கல" என்று அவர் துள்ளினார். இரண்டு தலையும் ஒரு கட்டுத் தாளின் மேல் குனிந்திருந்தன. பன்னிரண்டு வருடத்தில் என்னிடம் ஒரு தாளை நீட்டி, தொட்டுப் பார் என்று அவர் சொன்னதே இல்லை.

அவள் பஸ்ஸுக்குப் போனபிறகு, அவர் கண்ணயர்ந்த நேரம், கத்தரிக்கோலை எடுத்து ஐந்து முடிச்சையும் வெட்டினேன். நாளைக்கு நானே போட்டுவிடலாம், நான் போட்ட முடிச்சாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று ஆடிப் பதினெட்டே வந்துவிட்டது.

அன்று காலை அவர் கதவைச் சாத்திக்கொண்டு தானாகவே உடுத்தினார். வெகுநேரம் ஆயிற்று. ஹேங்கர்கள் ஒவ்வொன்றாக நகரும் சத்தம் வெளியே கேட்டது. போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கதவு வரைக்கும் போனேன். அந்த நேரம் அவர் போன் ஒலித்தது. "சொல்லு செல்வி... பஸ் ஏறிட்டியா?... நானும் ரெடிதான்." நான் திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டேன்.

கதவு திறந்தது. தலையை நேராக நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றார். வெள்ளைச் சட்டை. வலது பக்கம், விலாவுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு மெஜந்தா மை.

"எப்படி இருக்கேன்?" என்றார்.

அவளுடைய பாடம்தானே, அவளுடைய முடிச்சுதானே, வந்து அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று எனக்குள் ஒன்று சொன்னது. அவளால் பார்க்க முடியாது என்பதும் தெரிந்துதான் சொன்னது. கூட்டத்தின் நடுவில் இவர் கூசிப்போய்க் கையை நீட்ட வேண்டும், "ஸ்ரீமதி" என்று கூப்பிட வேண்டும்.

"நல்லா இருக்கீக" என்றேன்.

அவர் ஒரு கணம் அப்படியே நின்றார். "சரி" என்றார்.

பிரஸ் டிரைவர் முத்துப்பாண்டி கார் கதவைத் திறந்தவன், சட்டையைப் பார்த்து, "அண்ணாச்சி, சட்ட..." என்று ஆரம்பித்தான். நான் கண்ணைக் காட்டினேன். அவன் வாயை மூடிக்கொண்டான். கார் நகர்ந்ததும் அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் என்ன, பேசாம பேசிக்கிடுதீக?" என்றார். முத்துப்பாண்டி ஹாரனை அழுத்தினான். எதிரே ஒரு வண்டியும் இல்லை.

பிரஸ் கேட்டில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. பாண்டிச்செல்வி ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். கார் சத்தத்துக்கு முகம் திரும்பியது. நான் இறங்கியதும், கொலுசுச் சத்தத்தை வைத்து என் பக்கம் வந்து, குரலைத் தணித்தாள்.

"அக்கா, நல்லவேள வந்தீக. பஸ்ஸுல ஒரே நெரிசல். எஞ் சேல பின்னால சரியா இருக்கா? உள்பாவாடை கிள்பாவாடை தெரியலையே? அத்தன பேரு உள்ள இருக்காக. இங்கன நான் யாருகிட்டக் கேக்க?"

புதுச் சேலை. பின்பக்கம் மேலே ஏறி, ஒரு சாண் பாவாடை வெளியே தெரிந்தது. இவ்வளவு நேரம் அவள் அப்படியே ரோட்டோரம் நின்றிருக்கிறாள். வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்த்திருப்பார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

நல்லா இருக்கு என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அன்று காலை அவரிடமும் அப்படி ஒரு நொடியில்தான் சொன்னேன்.

குனிந்து சேலையைக் கீழே இழுத்துவிட்டேன். என் சேலையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி அவளுக்குக் குத்தினேன். "இப்பச் சரியா இருக்கு" என்றேன். "அம்புட்டும் சரியா?" என்றாள். "அம்புட்டும் சரி. நீ உள்ள போ, நாங்க பின்னாலயே வாரோம்."

கோல் சத்தம் தள்ளிப்போனதும் காருக்குப் பக்கத்தில் நின்ற அவரிடம் போனேன்.

"சட்டைல கறை இருக்கு. மெஜந்தா. வலது பக்கம், விலாவுக்குக் கீழ. உள்ளங்கை அகலம்."

அவர் கை மெதுவாகப் போய் அந்த இடத்தைத் தொட்டது.

"முடிச்ச நான்தான் வெட்டுனேன்."

"தெரியும்" என்றார். "காலைல எல்லாக் காலரையும் தடவிப் பாத்தேன், ஒண்ணுலயும் முடிச்சு இல்ல. அலமாரிக்குள்ள முடிச்சுத் துண்டு ஒண்ணுதான் கையில தட்டுச்சு. அவ பல்லால கடிச்ச நூலு மெத்துன்னு இருக்கும். இது கத்திரி பட்டுக் குத்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே. எப்படி இருக்கேன்னு கேட்டேன்."

உள்ளே நாதஸ்வர கேசட் போட்டுவிட்டார்கள். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். சரியாக என் முகத்துக்கு நேரே. அவள் சொல்லிக் கொடுத்தது.

"டீ ஊத்த நான் படிச்சுக்கிடுவேன். நடக்கவும் படிச்சுக்கிடுவேன். எம்மேல கறை இருக்கான்னு பாக்க எந்த டீச்சரும் சொல்லித் தர முடியாது. அதுக்கு நான் உன்னத்தான் வச்சிருந்தேன்."

வச்சிருந்தேன் என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

"வீட்டுக்குப் போய் மாத்திட்டு வந்துருவோமா?"

"நேரமில்ல. வா."

அவர் கையைப் பிடிக்கப் போனவள், நிறுத்திக்கொண்டேன். அரை எட்டு முன்னால் போய், என் முழங்கையை அவர் புறங்கையில் இடித்துக் காட்டினேன். சிறிது தயங்கி, முழங்கைக்கு மேல் பிடித்தார். அந்தப் பிடி மெலிசாக இருந்தது. நான் திரும்பினால் அவர் திரும்பினார். நான் நின்றால் நின்றார். ஒரு வருடமாக நான் அவரை இழுத்துக்கொண்டு திரிந்தது எவ்வளவு கனம் என்று அப்போதுதான் தெரிந்தது. மேடைக்கு முன்னால் கையை விட்டுவிட்டு, கோலை விரித்து, மிச்ச தூரத்தைத் தனியாக நடந்தார்.

"என்ன தம்பி இது, நல்ல நாளும் அதுவுமா சட்டையெல்லாம் மை!" அண்ணன் ராஜபாண்டியன் ஏஜெண்டுகளுக்கு நடுவிலிருந்து சத்தமாகவே கேட்டார்.

இவர் முகம் சுளிக்கவில்லை. குரல் வந்த திசைக்குத் திரும்பி, கறை இருந்த இடத்தைச் சரியாகத் தட்டிக் காட்டினார். "மெஜந்தாண்ணே. பிரஸ்காரன் சட்டைல மை இல்லாம சந்தனமா இருக்கும்?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் கையை நீட்டினார், முதல் ஏஜெண்டின் கை வந்து சேர்ந்தது. பிறகு ஆல்பத்தை விரித்தார். மூன்றாவது தாளில் கட்டை விரல் நின்றது. "அண்ணே, இது நூத்து எழுவதுன்னுல்ல ஆர்டர்ல போட்டிருக்கோம்? இது நூத்து முப்பது." ராஜபாண்டியன் இருமினார். முத்துப்பாண்டி கிடங்குக்கு ஓடிப்போய் பேப்பர் ரீம் கட்டின் லேபிளைப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணாச்சி சொன்னதுதான் சரி" என்றான். ராஜபாண்டியன், "நாளைக்குக் காலைல காரு அனுப்புதேன், வந்து ஸ்டாக்கைப் பாரு" என்று முனகினார்.

அவ்வளவு பேருக்கு நடுவில் பாண்டிச்செல்விதான் முதலில் கைதட்டினாள். எனக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஒரே நாளில் எல்லாம் அணைந்துவிடுமா என்ன?

இரண்டு நாள் அவர் என்னிடம் டீ கேட்கவில்லை. நான் பார்க்கப் பார்க்க அடுப்பைப் பற்றவைத்து, விளிம்பில் விரல் வைத்து, தானே ஊற்றிக் குடித்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு யாராலும் கொடுத்திருக்க முடியாது.

மூன்றாம் நாள் சாயங்காலம் வெள்ளைச் சட்டை எல்லாவற்றையும் கொண்டுவந்து என் மடியில் போட்டார். மேலே ஊசி நூல் பெட்டி.

"நீயே போடு" என்றார்.

நல்ல ஐந்தையும் பிரித்தெடுத்து முடிச்சுப் போட்டேன். நூலைக் கத்தரியால் வெட்டாமல், குனிந்து பல்லால் கடித்தேன். முடித்ததும் அவர் காலரைத் தடவிப் பார்த்து, "அவரக்கொட்ட மாதிரி இருக்கு. கழுத்து அறுந்துரும்" என்றார். ஆனால் பிரிக்கச் சொல்லவில்லை.

"ஏன், அவ போட்டது மட்டும் சின்னதா இருந்துச்சோ?" என்றேன்.

அவர் மேலிருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தானைத் தானே மாட்டி, என் கொலுசு இருந்த பக்கமாகத் திரும்பி நின்றார்.

"எப்படி இருக்கேன்?"

எழுந்து, அவரைச் சுற்றி வந்து, முன்னும் பின்னும் நன்றாகப் பார்த்தேன்.

"மூணாவது பொத்தான் மாறிப் போச்சு" என்றேன்.